திறப்பு இல்லாத திறப்பு விழா

நாவற்குடாவில் அந்தக் கட்டடத்தின் முகப்பில் தொங்கிய பலகை பன்னிரண்டு அடி நீளம். 'மக்கள் மரபுரிமைத் திறந்த நிலையம். எல்லோருக்கும், எந்நேரமும்' என்று அதில் எழுதியிருந்தது. பலகைக்குக் கீழே இரும்புக் கேற். கேற்றில் சங்கிலி. சங்கிலியில் தேங்காய்ப் பருமனில் ஒரு பூட்டு.

அருமைநாயகம் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டுப் பலகையை இரண்டு தரம் வாசித்தார். பூட்டை ஒரு தரம் பார்த்தார்.

"இண்டைக்கு மூடல் அண்ணன்" என்றான் உள்ளே மர வாங்கில் இருந்த காவலாளி பாறூக்.

"ஏன் தம்பி?"

"திறந்த வாரம் நடக்குது. அதால மூடல்."

"வாரம் முடிஞ்சா?"

"முடிஞ்சா வழமைபோல மூடல்தான்."

அருமைநாயகம் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். விடியப் புறப்பட்டு, ஓடம் ஏறி, மூன்று இராணுவச் சென்றிகளில் இறங்கி நின்று வந்த மனிதர். "நான் ஒண்டையும் பார்க்க வரல்ல தம்பி. திறப்பு எடுக்க வந்தனான்."

"திறப்புக்கா?" பாறூக் எழுந்து நின்றான். "திறப்பு வாற திங்கக்கிழமை. பின்னேரம் மூண்டு மணி. அழைப்பிதழ் இரிக்கா?"

"திங்கக்கிழமை எனக்குக் கையில வேணும். அண்டைக்குத்தான் கதவு திறக்கிற."

"அதைத்தானே செல்றன். அண்டைக்குத்தான் திறப்பு. பிரதம விருந்தினர் வராம எப்பிடித் திறப்பைத் தாற?"

"அவர் ஏன் வரணும்? அது எங்கட கோயில்த் திறப்பு!"

இருவரும் கால் மணி நேரம் இப்படியே கேற்றுக்கு அங்காலும் இங்காலும் நின்று பேசினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் பூட்டைத் திறக்கிற இரும்புக்கும் திறப்பு என்றுதான் பெயர். பெரிய மனிதர் வந்து நாடா வெட்டிவிட்டுப் போகிற கூத்துக்கும் திறப்பு என்றுதான் பெயர். முதலாவது திறப்பால் கதவு திறக்கும்.

அருமைநாயகம் விளாமடுவின் வண்ணக்கர். பழுகாமத்துக்கும் அங்கால், வயல் வட்டைக் கரையில் இருக்கிற அந்தச் சின்ன ஊரின் கண்ணகை அம்மன் கோயிலுக்குப் பொறுப்பானவர். கோயில் வருடத்தில் ஒரே ஒரு தரம், வைகாசியில்தான் திறக்கும். முதிரைக் கதவு. அதில் ஒல்லாந்தன் காலத்துப் பூட்டு. பூட்டுக்கு ஒரு முழ நீளத்தில் இரும்புத் திறப்பு. அது ஏழு தலைமுறையாக வண்ணக்கர் வீட்டுக் கூரை வளையில் தொங்கியது.

போன ஆவணியில் ஊர் எல்லையில் ஷெல் விழுந்தது. இரண்டாம் நாளே நிலையத்தின் வான் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய காப்பாளர் கனகசிங்கம், "ஊர் இடம்பெயர்ந்தா இது காணாமப் போயிரும். எங்கட்டத் தாங்க. மூணு மாசம். வைகாசிக்குக் கேட்ட உடன தருவம்" என்றார். வண்ணக்கருக்கும் பயம் இருந்தது. கொடுத்தார். பற்றுச்சீட்டும் வாங்கினார். அதில் 'இரும்புப் பொருள் ஒன்று' என்று எழுதியிருந்தது. அப்போதே அவர் யோசித்திருக்க வேண்டும்.

ஊர் இடம்பெயரவில்லை. திறப்பு மட்டும்தான் இடம்பெயர்ந்தது. மூன்று மாதம் ஒன்பது மாதமாகிவிட்டது. இன்றைக்குச் செவ்வாய். திங்கட்கிழமை பொழுது படுவதற்குள் கதவைத் திறக்க வேண்டும். கோடாலியோ அலவாங்கோ அந்தக் கதவில் படக்கூடாது என்பது ஊர்க் கட்டு. ஷெல் விழுந்த வருடங்களிலும் தவறாமல் திறந்த கதவு, தான் கொடுத்த ஒரு கையெழுத்தால் இந்த வருடம் மூடிக்கிடந்தால் அவர் எந்த முகத்தோடு ஊரில் நடப்பார்?

கடைசியில் பாறூக்குக்கு விசயம் விளங்கியது. சங்கிலியைக் கழற்றினான். "உள்ள போங்க. ஆனா நான் விட்டேண்டு செல்லாதீங்க. இஞ்ச ஆக்களை உள்ள விட்டா எனக்கு எழுத்தில விளக்கம் கேப்பாங்க."

முதல் மேசையில் அன்னப்பூரணி என்ற எழுதுவினைஞர் இருந்தாள். அவள் அருமைநாயகத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு படிவத்தை எடுத்தாள்.

"எந்த வகுப்பு ஐயா?"

"அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படிச்சனான் மிஸ்."

"படிச்ச வகுப்பில்ல. பார்வையாளர் வகுப்பு. வெளிநாட்டு ஆய்வாளரா, உள்நாட்டு ஆய்வாளரா, விசேட விருந்தினரா, பொதுமகனா?"

"பொதுமகன்தான்."

அன்னப்பூரணி பேனையைக் கீழே வைத்தாள். "நிலையம் தொடங்கி ஏழு வருசம். அந்தக் கூட்டில இன்னும் ஆரும் புள்ளடி போடல்ல. நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும் மிஸ்."

"அத்தாட்சி?"

"என்ன அத்தாட்சி?"

"நீங்க பொதுமகன் எண்டதுக்கு. விதானையார்ட்டக் கடிதம் எடுத்து வாங்க. சரி, பொருளின்ட இலக்கம் என்ன?"

"எனக்கெப்பிடித் தெரியும்?"

"பதிவு இடாப்பில இருக்கு."

"அப்ப இடாப்பைப் பாருங்களன் மிஸ்."

"இடாப்பு எங்கட மரபுரிமைப் பொருள் இலக்கம் ஒண்டு. அதைப் பார்க்கவும் இந்தப் படிவம்தான். நாலு பிரதி." நாலு படிவம் கேட்ட இடத்தில் தாராளமாக எட்டை எடுத்து நீட்டினாள். "பிழை விட்டா வெட்டக் கூடாது. புதுசில எழுதணும்."

'நோக்கம்' என்ற இடத்தில் அருமைநாயகம் 'கதவு திறக்க' என்று எழுதினார். அன்னப்பூரணி பதறிப் போனாள்.

"ஐயோ, பயன்படுத்தக் கூடாது! 'பார்வையிட மட்டும்' எண்டு போடுங்க. மரபுரிமைப் பொருளைப் பயன்படுத்தினாக் குற்றம்."

"திறப்பைப் பார்த்துக்கொண்டு நிண்டாக் கதவு திறக்குமா மிஸ்?"

"அது கதவின்ட பிரச்சனை." அவள் ஒரு தட்டச்சுப் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழாக விரலை ஓட்டினாள். "இன்னொண்டு. திறப்பு எண்டு எங்கட சேகரிப்பில ஒண்டும் இல்ல. இந்தா, நானே அடிச்ச பட்டியல். கொம்புச் சீப்பு, சங்கு, செங்கோல் பெரியது ஒண்டு, செங்கோல் சிறியது ஒண்டு. திறப்பு இல்ல."

அருமைநாயகம் நிமிர்ந்தார். அப்போதுதான் அவள் தலைக்குமேல் சுவரில் மாட்டியிருந்த பெரிய வர்ணப் படத்தைக் கண்டார். சிவப்பு வெல்வெற் மெத்தை. அதன் மேல், வார்னிஷ் பூசிப் பளபளவென்று, அவருடைய திறப்பு. கீழே எழுத்து: 'கண்ணகிச் செங்கோல். பதினான்காம் நூற்றாண்டு.'

காப்பாளர் கனகசிங்கத்தின் அறையில் புத்தகங்கள் கூரைவரை இருந்தன. எல்லாம் ஒரே புத்தகம். 'கீழைக்கரைச் செங்கோல்: ஒரு மீள்வாசிப்பு' என்று அவர் எழுதிய கட்டுரையை நிலையம் ஆயிரம் பிரதி அச்சடித்திருந்தது. ஒன்பது பிரதி குறைந்திருந்தது. அதையும் கறையான் தின்றதென்று பாறூக் பிறகு சொன்னான்.

"வாங்க வண்ணக்கர். உங்கட ஊர்ப் பொருளாலதான் உங்கட ஊருக்கே பெருமை" என்றார் கனகசிங்கம், புத்தக அட்டைப் படத்தைக் காட்டி. "இந்த வளையம் இருக்கே, இது சூரியன். இந்தத் தண்டு பூமியையும் வானத்தையும் இணைக்குது. நுனியில மூணு பல்லு. மூணு மண்டலம். அரசர் இதை வானத்தைப் பார்த்து நீட்டி மழை கேட்டிருக்கிறார்."

"தம்பி, அது பூட்டுக்குள்ள போற பல்லு. மூணு தரம் திருப்பணும்."

"அருமை! மூணு தரம்! மூணு மண்டலத்துக்கு!" கனகசிங்கம் குறித்துக்கொண்டார். "திறப்பு எண்டது உங்கட பாமர விளக்கம். நான் ஒதுக்கல்ல. அடிக்குறிப்பில சேர்த்திருக்கன்."

"நீங்கதானே என்ர வீட்டு வளையில இருந்து கழட்டினீங்க! கோயில்த் திறப்பு, பத்திரமா வைக்கிறம் எண்டு உங்கட வாயாலதானே சொன்னீங்க?"

கனகசிங்கம் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார். "வண்ணக்கர், அப்ப நான் உதவிக் காப்பாளர். உதவிக் காப்பாளருக்கு அது திறப்புத்தான். இப்ப நான் காப்பாளர். இது திறப்பெண்டா நான் திரும்பவும் உதவிக் காப்பாளர். உங்களுக்கு விளங்குதா?"

அருமைநாயகத்துக்கு நன்றாக விளங்கியது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"போன கிழமை இன்னொண்டும் கண்டெடுத்தன்" கனகசிங்கத்தின் முகம் மலர்ந்தது. "இந்தக் கட்டடத்திலயே! காட்சிக் கலரிக் கதவுக்குப் பக்கத்தில ஆணியில தொங்கினது. இதைவிடச் சின்னன். இளவரசர் செங்கோல்."

வாசலில் தேநீரோடு வந்த பாறூக் இருமினான். "சேர், அது கலரிக் கதவுட..."

"பாறூக், தேத்தண்ணியை வைச்சிட்டுப் போ."

பாறூக் வைத்துவிட்டுப் போனான்.

பணிப்பாளர் கலாநிதி வினாயகமூர்த்தி, அருமைநாயகத்தைக் கதிரையில் இருத்திப் பேசினார். மேசையில் அவர் ஒருவர்தான் இருந்தார், எதிரே ஒருவர்தான் இருந்தார். ஆனாலும் அது சொற்பொழிவாகத்தான் இருந்தது.

"மரபுரிமை மக்களின் சொத்து. அதில எனக்குச் சந்தேகமே இல்லை. அதனாலதான் அதை மக்களிட்ட இருந்து காப்பாத்த வேண்டிக் கிடக்கு. ஏழு வருசம் பெரியவர்! ஒரு பொருள் தொலைஞ்சதா? ஒரு பொருள் உடைஞ்சதா? இல்லை! ஏன்? ஒருவரும் தொடல்ல. ஏன் தொடல்ல? ஒருவரும் வரல்ல! சில பேர் கேக்கிறாங்கள், ஏன் திறந்த நிலையம் மூடிக் கிடக்கு எண்டு. திறப்பது என்பது ஒரு மனநிலை. கதவு ஒரு சின்ன விசயம்."

"ஐயா, எங்கட கதவு சின்னதில்ல. ஆறு முழம்."

"பாருங்க!" பணிப்பாளர் கையைத் தட்டினார். "இந்தக் கள்ளங்கபடமில்லாத பேச்சு! இதையும் சேகரிக்கணும்."

அருமைநாயகம் வீட்டுக்கு வந்தபோது சீதேவிப்பிள்ளை முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். புருசனின் வெறுங்கையை முதலில் பார்த்தாள். பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

"திறப்பு எங்க?"

"அது இப்ப திறப்பில்ல புள்ள. செங்கோலாம்."

"அப்ப நீங்க ராசாவோ?"

"கடிதம் ஒண்டு வேணுமாம். நான் பொதுமகன் எண்டு."

"வேணாம் எண்டு நான் அப்பவே சொன்னன். வான்ல வாறவனுக்கு வளையில கிடந்ததைக் கழட்டிக் குடுத்தீங்க. நல்லகாலம், அவன் கூரையைக் கேக்கல்ல." அவள் நெல்லைக் காலால் துழாவினாள். கோபம் காலில் தெரிந்தது. "காலம கோயில்க் கப்புகனார் வந்தவர். ஏழு குடிக்கும் சொல்லியாச்சாம். இடம்பெயர்ந்து போன சனமெல்லாம் திங்கக்கிழமை வருதாம். திறப்பைத் துடைச்சு வைங்க எண்டு சொல்லிட்டுப் போறார். நான் என்ன சொல்லட்டும்?"

அருமைநாயகம் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கிராம அலுவலரான விதானையாரிடம் போனார்.

விதானையார் கேட்டுவிட்டு மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். பத்து வருடத்தில் அவர் இடம்பெயர்ந்தவர், காணாமல் போனவர், வீடிழந்தவர், அடையாள அட்டை இழந்தவர் எல்லோருக்கும் கடிதம் கொடுத்தவர். இது புதுசு. 'விளாமடுவைச் சேர்ந்த அருமைநாயகம் என்பவர் எனக்குத் தெரிந்த காலம் முதல் பொதுமகனாகவே இருந்து வருகிறார் என்பதை உறுதிப்படுத்துகிறேன்' என்று எழுதி, முத்திரையை இரண்டு தரம் குத்தினார்.

அந்தக் கடிதம்தான் கதையைத் திருப்பியது.

வெள்ளிக்கிழமை அதை வாசித்த பணிப்பாளர் கதிரையிலிருந்து எழுந்தே விட்டார். "அன்னப்பூரணி! கனகசிங்கம்! ஓடி வாங்க! அத்தாட்சிப்படுத்தப்பட்ட பொதுமகன் ஒருவர் கிடைச்சிட்டார்!"

விசயம் இதுதான். கலரித் திறப்பு விழா நிகழ்ச்சி நிரலில் ஒன்பதாவது: 'மரபுரிமையை மக்களிடம் கையளித்தல்.' பிரதம விருந்தினர் பெரிய செங்கோலைப் பொதுமகன் ஒருவருக்குக் கையளிக்க, பத்திரிகைக்காரர் படமெடுப்பார்கள். மூன்று மாதமாக ஆள் தேடி, கடைசியில் கனகசிங்கத்தின் மைத்துனருக்கு வேட்டி கட்டிவிடுவதென்று முடிவாகியிருந்தது. அவர் வங்கி முகாமையாளர். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

"இவருக்கு நிக்குது" என்றார் பணிப்பாளர் ஆசையோடு.

சனிக்கிழமை ஒத்திகை. பிரதம விருந்தினருக்குப் பதிலாக அன்னப்பூரணி நின்றாள். செங்கோலுக்குப் பதிலாக நிலம் கூட்டுகிற ஒரு தும்புத்தடி. கனகசிங்கம் சொல்லிக் கொடுத்தார்.

"வாங்கணும். சிரிக்கணும். மனசுக்குள்ள ஏழு வரைக்கும் எண்ணணும். திருப்பித் தரணும்."

"திருப்பித் தராட்டி?"

கனகசிங்கம் நிகழ்ச்சி நிரலை எடுத்து மேலும் கீழும் பார்த்தார். "அப்பிடி ஒரு சம்பவம் இதில இல்லை."

அருமைநாயகம் தும்புத்தடியை எட்டுத் தரம் வாங்கினார், எட்டுத் தரம் திருப்பிக் கொடுத்தார். ஒன்பதாம் தரம் கொடுக்கும்போது அவர் கை கொஞ்சம் தாமதித்தது. ஒருவரும் கவனிக்கவில்லை. வாங்கில் இருந்த பாறூக் மட்டும் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவரைப் பார்த்தான்.

"கடைசி ஓடம் அஞ்சு மணிக்கு, வண்ணக்கர்" என்றான், சும்மா வானத்தைப் பார்த்து.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு வரவேண்டிய பிரதம விருந்தினர் மூன்று ஐம்பதுக்கு வந்தார். கொழும்பில் எதற்கோ தலைவர். முன்னுக்கு ஒரு ஜீப், பின்னுக்கு ஒரு ஜீப். பாதுகாப்பு அதிகாரி இறங்கியதுமே மணிக்கூட்டைப் பார்த்தார். ஐந்து மணிக்குப் பிறகு அந்த வீதியில் வாகனம் போக அனுமதியில்லை.

விளக்கேற்றினார்கள். தீக்குச்சி அணைந்தது. இன்னொரு குச்சி. வரவேற்புரை. வரவேற்புரைக்கு நன்றியுரை. பணிப்பாளர் 'திறந்த' என்ற சொல்லை நாற்பத்தொரு தரம் சொன்னார். பாறூக் விரல் மடித்து எண்ணினான். வேலையில் அவனுக்கு வேறென்ன இருக்கிறது?

நாலு இருபதுக்குப் பிரதம விருந்தினர் கலரிக் கதவின் நாடாவை வெட்டினார். கைதட்டல். அவர் கதவைத் தள்ளினார். கதவு அசையவில்லை. சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் தள்ளினார். பணிப்பாளர் தோளால் தள்ளினார். கனகசிங்கம் சப்பாத்தால் தள்ளினார்.

"பூட்டியிருக்கு! திறப்பு எங்க?"

"திறப்பு எங்க? திறப்பைக் கொண்டா!" விழாவே கூவியது. ஏழு வருடத்தில் அந்த நிலையத்துக்கு முதன்முறையாக ஒரு திறப்புத் தேவைப்பட்டது.

பாறூக் முன்னுக்கு வந்து கைகட்டி நின்றான். "உள்ள இரிக்கி சேர்."

"எங்க உள்ள?"

"கலரிக்குள்ள. கண்ணாடிப் பெட்டிக்குள்ள. இளவரசர் செங்கோல் எண்டு எழுதிக் கிடக்கு. காலம காப்பாளர் சேர்தான் கொண்டுபோய் வைச்சிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினார். இது ஒல்லாந்தன்ட பூட்டு சேர். சாத்தினாத் தானா விழும்."

எல்லோரும் கனகசிங்கத்தைப் பார்த்தார்கள். கனகசிங்கம் கூரையைப் பார்த்தார்.

பாதுகாப்பு அதிகாரி பிரதம விருந்தினரின் காதில் ஏதோ சொன்னார். விருந்தினர் கேற்றைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். பணிப்பாளர் ஒலிவாங்கியைக் கழற்றிக்கொண்டு பின்னால் ஓடினார். வயர் போதாமல் அது பாதியில் நின்றது.

"ஒன்பதாவது! ஒன்பதாவது நிகழ்ச்சியை மட்டும்! படத்துக்கு, சேர்!"

ஒன்பதாவது நிகழ்ச்சி கேற்றுக்கு வெளியே, றோட்டு ஓரத்தில் நடந்தது. பெரிய செங்கோல் பணிப்பாளரின் அறையில் மெத்தைமேல் இருந்ததால் தப்பியிருந்தது. அன்னப்பூரணி மெத்தையோடு தூக்கி வந்தாள். விருந்தினர் ஒரு காலை ஜீப் படியில் வைத்தபடியே பேசினார்.

"இன்று முதல் இந்த நிலையம் எந்நாளும் திறந்திருக்கும்." உள்ளே கலரிக் கதவைச் சிற்றூழியர் இருவர் வாங்கால் இடிக்கிற சத்தம் கேட்டது. "இந்தச் செங்கோலை மக்களிடமே ஒப்படைக்கிறேன். ஐயா, இனி இது உங்களுடையது."

அருமைநாயகம் இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். பழகிய பாரம். அவர் சிரித்தார், படம் பிடித்தார்கள். அவர் எண்ணத் தொடங்கினார். சொன்ன சொல் சொன்னதுதான். ஒன்று, இரண்டு, மூன்று. விருந்தினர் ஜீப்பில் ஏறினார். நாலு, ஐந்து. ஜீப் உறுமியது. பணிப்பாளர் கைகாட்டினார், அன்னப்பூரணி வெறும் மெத்தையைக் காட்டினாள், கனகசிங்கம் ஜீப்போடு ஓடி ஓடித் தன் புத்தகத்தை யன்னலுக்குள்ளால் தள்ளிக்கொண்டிருந்தார். ஆறு.

ஏழு. அருமைநாயகம் திறப்பை முன்னால் நீட்டினார். வாங்க ஆளில்லை.

எட்டு என்று எண்ணினார். பிறகு சைக்கிளை எடுத்தார்.

"வண்ணக்கர்!" பின்னாலிருந்து கனகசிங்கம் கத்தினார். "செங்கோல்! செங்கோலைத் தந்திட்டுப் போங்க!"

அருமைநாயகம் ஒரு காலை ஊன்றித் திரும்பினார். "செங்கோல் எண்டு என்னட்ட ஒண்டும் இல்லையே தம்பி. என்னட்ட இருக்கிறது எங்கட கோயில்த் திறப்பு. திறப்புத்தான் வேணும் எண்டா வாயைத் திறந்து கேளுங்க, தாறன்."

பத்திரிகைக்காரர்கள் இருவரும் பேனையோடு திரும்பினார்கள். கனகசிங்கத்தின் வாய் திறந்தது. "தி..." என்றது. அவருடைய பதவி உயர்வு முழுவதும் அந்த ஒற்றை எழுத்தில் தொங்கியது. வாய் மெல்ல மூடிக்கொண்டது.

பாறூக் கேற்றை உள்ளிருந்து இழுத்துச் சங்கிலி போட்டான். "திறந்த வாரம் முடிஞ்சி" என்று பொதுவாக அறிவித்தான். பணிப்பாளரும் காப்பாளரும் வெளியே நின்றார்கள்.

நாலு ஐம்பது. ஓடத்துறைச் சென்றியில் ஒரு இளம் சிப்பாய் கையைக் காட்டி மறித்தான். அருமைநாயகம் இறங்கினார். சைக்கிள் கரியரில் சாக்கால் சுற்றி, ஒரு முழ நீளத்தில், பாரமாக ஒரு இரும்பு. அந்த வருடத்தில் அந்தத் துறையில் கொண்டுபோவதற்கு அதைவிட மோசமான வடிவம் இருக்க முடியாது. கூட நின்ற சிப்பாய் துவக்கை நிமிர்த்தினான்.

"மே மொகத்த?"

இளம் சிப்பாய் சிங்களத்தில் இது என்னவென்று கேட்கிறான். வண்ணக்கர் யோசித்தார். செங்கோல் என்று சொல்வதா? பதினான்காம் நூற்றாண்டு என்று சொல்வதா? சிப்பாய் சாக்கை அவிழ்த்தான். இரும்பைத் தூக்கிப் பார்த்தான். பிறகு காற்றில் நீட்டி, மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பினான்.

"ஆ... யத்துர!"

"ஓம் மாத்தயா, யத்துர! யத்துர! கோவில்!"

"லொக்கு யத்துர!" பெரிய திறப்பென்று சொல்லிச் சிரித்துவிட்டு அவன் திருப்பிக் கொடுத்தான். கட்டுரை எழுதவில்லை, அடிக்குறிப்புப் போடவில்லை, மூன்று விநாடியில் கண்டுபிடித்துவிட்டான். பாவம், அவனுக்குக் காப்பாளராகிற தகுதி இல்லை.

ஓடம் கயிறு அவிழ்க்கிற நேரத்தில் சைக்கிளோடு பாய்ந்து ஏறினார்.

விளாமடுவில் ஏழு குடியும் கோயில் வெளியில் கூடி நின்றது. வட்டைக்கு மேலே சூரியன் ஒரு முழ உயரத்தில் இருந்தது. பூசகரான கப்புகனார் மஞ்சள் தண்ணீர் தெளித்த படியில் நின்று கையை நீட்டினார். அருமைநாயகம் திறப்பைக் கொடுத்தார்.

திறப்பு பூட்டுக்குள் போனது. பாதியில் நின்றது.

கப்புகனார் வெளியே எடுத்து மறுபடி போட்டார். பாதியில் நின்றது. யாரோ ஒரு கிழவர் செருமினார். அருமைநாயகம் பூட்டையும் திறப்பையும் மாறி மாறிப் பார்த்தார். மாற்றி விட்டார்களா? இது மாதிரிப் பொருளா? மெய்யான திறப்பு இன்னும் அந்தக் கலரிக்குள்தானா?

"இஞ்ச கொண்டாங்க பாப்பம்." பெண்கள் பக்கத்திலிருந்து சீதேவிப்பிள்ளை வந்தாள். திறப்பை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள். "இதென்னங்க பல்லுக்கு நடுவில?"

பற்களுக்கு இடையில் ஈயம் உருக்கி ஒரு பித்தளைத் தகடு ஒட்டியிருந்தார்கள். அதில் வெட்டியிருந்தது: 'ம.ம.தி.நி. 417.' நாலு மாதம் நாயாய் அலைந்தாலும் கிடைத்திருக்காத பொருள் இலக்கம், ஒரு வழியாகக் கிடைத்துவிட்டது.

"மூணு மண்டலத்துக்கும் நடுவில நம்பர் அடிச்சிருக்கானுகள்" என்றார் அருமைநாயகம்.

சீதேவிப்பிள்ளை மடியிலிருந்து பாக்குவெட்டியை எடுத்தாள். தகட்டின் விளிம்பில் வெட்டியின் வாயைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினாள். நிலையம் ஏழு வருடம் பாதுகாத்த முறை அதோடு மண்ணில் விழுந்தது.

கப்புகனார் மூன்று தரம் திருப்பினார். மூன்றாம் தரம் பூட்டுக்குள்ளிருந்து கனமாக ஒரு சத்தம் வந்தது. கதவு திறந்தது. பெண்களின் குரவை வட்டைக்கு அங்கால் கேட்டது. இடம்பெயர்ந்து போன இடத்திலிருந்து நடந்தே வந்தவர்கள், ஊரிலேயே கிடந்தவர்கள், எல்லோரும் உள்ளே போனார்கள். எந்த வகுப்பென்று ஒருவரும் கேட்கவில்லை. அருமைநாயகம் கடைசியாகப் போனார்.

குளிர்த்திச் சடங்கு முடிந்து கதவைச் சாத்தி, திறப்பு வளைக்குத் திரும்பிப் பத்து நாளானது. பாறூக் சைக்கிளில் வந்து இறங்கினான். கையில் ஒரு நீண்ட கடித உறை.

"கலரி இன்னும் திறபடல்ல வண்ணக்கர்" என்றான். "கொல்லன் வந்து உடைக்கலாம் எண்டான். மரபுரிமைக் கதவாம், உடைக்கப்படாதாம். சேர்மார் ரெண்டு பேரும் யன்னலால எட்டிப் பாக்கிறாங்க."

சீதேவிப்பிள்ளை தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். அருமைநாயகம் கடிதத்தை உரத்து வாசித்தார். கனகசிங்கத்தின் கையெழுத்து.

'...தாங்கள் தற்காலிகமாகப் பொறுப்பேற்றுள்ள கண்ணகிச் செங்கோல் தொடர்பானது. எமது கலரியின் பூட்டும் தங்கள் கோயிற் பூட்டும் ஒரே காலத்தவை என ஆய்வில் தெரியவந்துள்ளது. எனவே மேற்படி செங்கோலை எமது கதவில் ஒரு தரம் போட்டுப் பார்ப்பதற்கு மூன்று மாத காலத்துக்கு வழங்குமாறு...'

"செங்கோலைக் கதவில போட்டுப் பாக்கவாமா?" என்றாள் சீதேவிப்பிள்ளை.

"அப்பிடித்தான் எழுதியிருக்கு புள்ள."

"என்ன செல்லட்டும் வண்ணக்கர்?" பாறூக் கோப்பையை வைத்தான். "பதில் வாங்காம வரவேணாம் எண்டாங்க."

அருமைநாயகம் எழுந்து உள்ளே போனார். பெட்டியின் அடியில் மடித்துவைத்த தாள்களை எடுத்து வந்தார். அன்னப்பூரணி தாராளமாகக் கொடுத்த எட்டுப் படிவத்தில் மிஞ்சியவை. சரியாக நாலு.

"நாலு பிரதி" என்று சொல்லிப் பாறூக்கின் கையில் கொடுத்தார். "பிழை விட்டா வெட்டக் கூடாது. ரெண்டு சேரும் பொதுமக்கள்தான் எண்டு விதானையாரிட்டக் கடிதம் எடுக்கணும். மற்றது, நோக்கம் எண்ட இடத்தில கதவு திறக்க எண்டு எழுதப்படாது தம்பி. பார்வையிட மட்டும்."

"எழுதிக் கொண்டுவந்தா?"

"அடுத்த வைகாசி வரச் சொல்லு. அண்டைக்குத் திறந்திருக்கும்."